காளையின் விரலுக்கு ஒரு டிஸ்ப்ளே

ஜெயினம்புவுக்கு ஏன் என்று கேட்காமல் இருக்க முடியாது. கணவர் நைனா முகமது இறந்த மறு வருடம், நாற்பத்து மூன்று வயதில், வீட்டோடு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆறு மாதப் பயிற்சிக்குப் போனாள். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த அன்று மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். இவள், மூன்று மணி நேரம் ஆனால் தோலுக்குள் என்ன நடக்கும் என்று கேட்டாள். பயிற்சி கொடுத்த நர்ஸ் அரை மணி நேரம் விளக்கினார். அதன்பிறகு பதினோரு வருடத்தில், அவள் பார்த்த எந்த நோயாளிக்கும் முதுகில் புண் வந்ததில்லை.

சிம்மக்கல்லில் மொத்தக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறாள். காலையில் டவுன் பஸ் பிடித்து ஆனையூருக்குப் போவாள். அங்கே காளை என்ற எழுபது வயது மனிதரைப் பார்த்துக்கொள்வதுதான் எட்டு மாதமாக அவள் வேலை. காளை வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயி. பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போன பிறகு, மகள் ஜெயக்கொடி தன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

ஆமாவா இல்லையா என்று கேட்டால் காளைக்குத் தலை ஒரே மாதிரிதான் ஆடும். ஜெயினம்பு முதல் வாரமே படங்களை அட்டையில் ஒட்டிக் காட்டிப் பார்த்தாள். கை நடுங்கி மூன்று படங்களின் மேல் உரசியது. எதைத் தொட்டார் என்பதைப் பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. பிறகு தன் போனில் ஒன்பது படங்கள் எடுத்து வைத்தாள்: செம்பு, கஞ்சிக் கிண்ணம், மின்விசிறி, தலையணை, மலக்கோப்பை, டிவி, ஜன்னல், எதிர்ச் சுவரில் தொங்கும் நாட்காட்டி, வேண்டாம் என்று விரித்த அவளுடைய உள்ளங்கை. தொட்ட படம் பெரிதாக விரியும். அதுதான் என்றால் காளை கையை எடுத்துக்கொள்வார். இல்லையென்றால் கையை எடுக்க மாட்டார், அவள் படத்தை மூடியதும் வேறொன்றைத் தொடுவார். என்ன வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். அந்த வீட்டில் சண்டை பாதியாகக் குறைந்தது.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவரைப் புரட்டும்போது இடுப்பில் செருகியிருந்த போன் நழுவித் தரையில் விழுந்தது. பாதித் திரை கறுத்துவிட்டது, மீதிப் பாதி தொட்டால் அசையவில்லை.

அன்று மதியத்திலிருந்து காளை சாப்பிடவில்லை. ஸ்பூன் கிட்டே போனால் உதட்டை இறுக்கிக்கொண்டார். கண்ணெதிரே வெட்டிக் கொடுத்த இளநீரும் தண்ணீரும் மட்டும் இறங்கின. ஜெயினம்பு வாயைத் திறந்து பார்த்தாள், புண் இல்லை. விழுங்குவதில் சிக்கல் இல்லை. வயிறு இளகித்தான் இருந்தது, காய்ச்சலும் இல்லை. ஜெயக்கொடியின் போனில் படங்களை ஏற்றிக் காட்டினார்கள். காளை தட்டிக்கொண்டே இருந்தார், அது ஒன்றையும் விரிக்கவில்லை. நாலாவது தட்டுக்கு மேல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணில் நீர் நின்றது.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, திங்கட்கிழமைக்குள் சாப்பாடு இறங்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிட வேண்டியதுதான் என்று சொன்னார். ஜெயக்கொடி சரி என்றாள். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. ஜெயினம்பு குழாய் போட்டவர்களைப் பார்த்திருக்கிறாள். இவர் அதைப் பிடுங்குவார், பிடுங்காமல் இருக்க நல்ல கையையும் கட்டிலில் கட்டுவார்கள். ஏதோ சொல்ல நினைக்கிற மனிதரின் மிச்சமிருக்கும் ஒரு கையையும் கட்டுவதா?

சனிக்கிழமை ஜெயக்கொடிக்கு அலுவலகம் விடுமுறை. அவளை அப்பாவுக்குத் துணையாக வைத்துவிட்டு, ஜெயினம்பு சிம்மக்கல்லில் பரீதின் கடைக்கு வந்தாள். இருவர் நின்றால் மூன்றாமவருக்கு இடமில்லாத போன் ரிப்பேர் கடை. பரீத் அவளுக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளை, அவளை அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடுகிறவன்.

ஒரிஜினல் டிஸ்ப்ளே கைவசம் இல்லை, செவ்வாய்க்கிழமைதான் வரும் என்றான். வெளிக் கம்பெனி செய்த டூப்ளிகேட் இருக்கிறது, மதியத்துக்குள் மாட்டித் தந்துவிடலாம்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"வெல மூணு மடங்கு லாத்தா."

"அத நான் கேக்கல. உள்ளுக்குள்ள என்ன வித்தியாசம்?"

அதை அவனிடம் யாரும் கேட்டதில்லை. எல்லாரும் எத்தனை நாள் தாங்கும் என்றுதான் கேட்பார்கள். அவன் உற்சாகமாகிவிட்டான். டூப்ளிகேட்டில் நிறம் கொஞ்சம் மாறும், வெயிலில் மங்கும், கண்ணாடி ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கனம் என்றான். விரல் பட்டது என்று கண்ணாடிக்கு எப்படித் தெரிகிறது என்று அவள் கேட்டாள். விரல் வழியாக உடம்பில் மெல்ல ஓடும் மின்சாரத்தை உணரும் ஒரு படலம் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது என்றான்.

"ஐம்பது வருசம் மம்பட்டி பிடிச்ச விரல். நுனி காஞ்சு தடிச்சுக் கெடக்கு. அத உணருமா?"

பரீத் தன் விரலைப் பார்த்தான். மாட்டுவதற்கு முன் அவன் தட்டிச் சோதிப்பதெல்லாம் அந்த விரலால்தான். தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டான்.

ஜெயினம்பு பையிலிருந்து, உடம்பு துடைக்கும்போது போடும் ரப்பர் கையுறையை எடுத்தாள். டூப்ளிகேட் டிஸ்ப்ளேயை ஒட்டாமல் அதன் இணைப்புப் பட்டையை மட்டும் போனில் சொருகித் தரச் சொன்னாள். உறை போட்ட விரலால் தட்டினாள். சரியாக விரிந்தது. காளையின் தடித்த விரலுக்கு ஒரு உறை ஈடாகாது. அதன் மேல் இன்னொன்றைப் போட்டாள். பத்துத் தட்டில் நாலுதான் பட்டது.

சார்ஜ் சரியாக ஏறாத போனோடு காத்திருந்த மருது, பக்கத்து மண்டியில் மூட்டை ஏற்றுகிறவர், இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏக்கா, போனுக்குப் பிரசவமா பாக்குறீக?"

"கொடி சுத்தியிருக்கு. வெளிச்சத்த மறைக்காம அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க" என்றாள் ஜெயினம்பு, தொங்கும் பட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மருதுவின் போனும் அதே ரகம்தான், வாங்கியபோது இருந்த டிஸ்ப்ளே மாறாதது. அவரைக் கேட்டு வாங்கினாள். ஒரிஜினல் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமே. இரண்டு உறை விரலால் தட்டினாள். ஒன்றுமே படவில்லை. மூன்று மடங்கு விலைக்கு இதுதானா?

பரீதுக்குத்தான் முதலில் பிடிபட்டது. மருதுவின் போன் மேல் பாதுகாப்புக்கு ஒட்டியிருந்த, கீறல் விழுந்த டெம்பர் கண்ணாடியைப் பிளேடால் நெம்பி எடுத்தான். இப்போது பத்துக்கு ஒன்பது பட்டது. ஜெயக்கொடியின் போன் ஏன் காளைக்கு விரியவில்லை என்று ஜெயினம்புவுக்குப் புரிந்தது. அதன் மேலும் கனமான கண்ணாடி ஒன்று ஒட்டியிருந்தது. உடனே பரீதின் போனில் கூப்பிட்டு அதை உரிக்கச் சொன்னாள். ஜெயக்கொடி உரித்து, அப்பா கையில் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். ஓரங்களில் வளைந்த கண்ணாடி அது. அவர் பிடித்தாலே உள்ளங்கை பட்டு எது எதுவோ திறக்கிறது என்றாள்.

ஆக, இந்தப் போன்தான். வேறு டூப்ளிகேட் இருக்கிறதா என்று கேட்டாள். பரீத் தயங்கி, அடி டிராயரிலிருந்து ஒன்றை எடுத்தான்.

"இது வேணாம் லாத்தா. மஞ்சளா அடிக்கும். காமால வந்த மாதிரி இருக்கும் மொகமெல்லாம். ரெண்டு பேரு திருப்பிக் குடுத்துட்டாக."

சொருகச் சொன்னாள். மஞ்சள்தான். இரண்டு உறையோடு தட்டினாள். எட்டு. நம்பாமல் மறுபடி பத்து முறை தட்டினாள். மறுபடியும் எட்டு. கண்ணாடி மெலிசு, அதனால் இருக்கலாம் என்றான் பரீத்.

ஒன்பது செவ்வாய்க்கிழமை கிடைக்கும். எட்டு இன்றைக்குக் கிடைக்கும். குழாய் திங்கட்கிழமை. ஒட்டிவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது, பிறகு ஒரிஜினல் வாங்கக் காசு சேர அடுத்த மாதம் வரை ஆகும். காளையின் விரல் இரண்டு உறையை விடத் தடிப்பாக இருந்தால் எல்லாம் வீண். அவள் அதிகம் யோசிக்கவில்லை.

"இதவே ஒட்டு. அவருக்கு நெறம் வேணாம், வெரல் படணும்."

ரப்பர் வளையங்கள் போட்டு, பசை காயும் வரை அவள் கடை வாசலிலேயே நின்றாள். கடைசியில் பரீத் வழக்கம்போல ஒரு புது டெம்பர் கண்ணாடியை எடுத்தான். டிஸ்ப்ளே மாற்றுகிறவர்களுக்கு அதைச் சும்மா ஒட்டித் தருவது கடை வழக்கம். அவள் பார்த்த பார்வையில் திரும்ப உள்ளே வைத்துவிட்டான்.

ஆனையூர் போய்ச் சேரும்போது மணி மூன்று. காளை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஜெயினம்பு அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, போனை மடியில் வைத்தாள். நடுங்கும் சுட்டுவிரல் இறங்கியது. ஒன்றும் விரியவில்லை. ஜெயக்கொடி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயினம்பு ஈரத் துணியால் அந்த விரல் நுனியை ஒரு தரம் துடைத்தாள்.

"இப்பத் தொடுங்கய்யா."

கஞ்சிக் கிண்ணம் விரிந்தது. அவர் கையை எடுக்கவில்லை. அவள் படத்தை மூடினாள். அடுத்து உள்ளங்கை. பிறகு நாட்காட்டி. மறுபடி கிண்ணம், மறுபடி உள்ளங்கை, மறுபடி நாட்காட்டி. அதில் விரலை வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"கஞ்சி வேணாம், தேதி" என்றாள் ஜெயினம்பு. "இந்தத் தேதிக்கு என்ன? செவ்வாக்கெழமலேர்ந்துதான சாப்பிடல, அன்னைக்கு ஊர்ல என்னமும் உண்டா?"

ஜெயக்கொடி நாட்காட்டியைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"காப்பு கட்டியிருப்பாக. பங்குனித் திருவிழாவுக்கு. ஊரே கவுச்சி தொடாது. நாந்தேன் கஞ்சில முட்டைய அடிச்சு ஊத்திக்கிட்டிருந்தேன்."

சத்துக்காக டாக்டர் முன்பே சொல்லியிருந்த முட்டை. செவ்வாய்க்கிழமை அவர் கஞ்சியைத் தள்ளியதும், பாலில் கலந்து பார்த்தாள். அதையும் தள்ளியதும், ரசத்தில் கலந்தாள். அந்த அடுப்படியிலிருந்து வந்த எதையும் அவர் நம்பவில்லை. படுத்துக் கிடப்பவருக்கும் காப்பு உண்டு என்பது மகளுக்குத் தோன்றவே இல்லை. அவர் அந்தக் கோயிலுக்கு முப்பது வருடம் தீச்சட்டி எடுத்தவர்.

ஜெயினம்பு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். காப்பு எப்போது அவிழ்ப்பார்கள்? அடுத்த புதன். அதுவரை பால் ஆகுமா, பருப்பு ஆகுமா? ஆகும். நோன்பில் கிடக்கிறவர்களுக்குச் சமைத்துப் பழகிய கை அவளுடையது. முட்டை பட்ட பாத்திரங்களை ஒதுக்கி, பரணில் இருந்த புதுக் குக்கரை ஜெயக்கொடியை எடுக்கச் சொன்னாள். பாசிப்பருப்பும் அரிசியும் போட்டுக் குழைய வைத்தார்கள். அந்தக் குக்கரையே கொண்டுவந்து அவர் முன்னால் திறந்தார்கள்.

ஜெயக்கொடி ஸ்பூனை நீட்டினாள். "முட்டை இல்லப்பா. சத்தியமா இல்ல."

காளை குக்கரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஜெயினம்புவைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். முதலில் கால் கிண்ணம்தான் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் கூடாது என்று ஜெயினம்பு சொல்லியிருந்தாள். அது முடிந்ததும் அவர் போனை இழுத்து, மஞ்சள் பூத்த கிண்ணத்தைத் தட்டினார். அது விரிந்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

"ஒரு மணி நேரம் போகட்டும்" என்றாள் ஜெயினம்பு.

அவர் கிண்ணத்தை மறுபடி தட்டினார்.