வாயை மூடிப் படி!

போன மாதம் ஒரு மாலை. அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் செல்வமணி அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார்.

“ஏய் வசந்தி! புள்ளைக்கு ஒடம்பு சரியில்லயா? சத்தத்தையே காணோம்!”

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடுகள் ஒரே வரிசை; இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதுவும் கூரை வரைக்கும் போகாது. நாங்கள் மிளகாய் வறுத்தால் அவர்கள் தும்முவார்கள். அப்படியிருக்க, என் மகள் துளசியின் குரல் நின்றுபோனது தெரியாமல் இருக்குமா?

துளசி பட்டப்படிப்பு முடித்தவள். வெளிநாட்டில் உதவித்தொகையோடு மேற்படிப்பு படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு. கொழும்புக்குப் போய் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். எழுதினாள். ஸ்கோர்... அந்தப் பல்கலைக்கழகம் கேட்ட அளவுக்கு வரவில்லை. விண்ணப்பக் காலம் முடிவதற்குள் இன்னும் ஒரே ஒரு தடவை எழுதலாம். அதிலும் தவறினால் அவ்வளவுதான்.

கணக்கில் கோட்டை விட்டாளா? இல்லை. இங்கிலீஷில்? அதுவும் இல்லை. கெடுத்தது வாய்!

தோட்டத்தில் படிப்பு என்றாலே சத்தம்தான். சாயங்காலம் லயத்து வாசலில் நடந்துபோனால், எந்த வீட்டில் என்ன பாடம் என்று சொல்லிவிடலாம். பிள்ளை படிக்கிறதா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. காதில் விழுந்தால் படிக்கிறது, விழாவிட்டால், “என்னா, தூங்கிட்டியா?” என்று அடுப்படியிலிருந்து அதட்டல் போகும். இப்படி வளர்ந்தவள், பரீட்சை அறையிலும் கேள்விகளை முணுமுணுத்திருக்கிறாள். இதுவரை பரீட்சை எழுதிய பெரிய மண்டபங்களில் மின்விசிறி இரைச்சலில் யாருக்கும் கேட்காத முணுமுணுப்பு, அந்தக் குளிரூட்டிய அறையில் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. மேற்பார்வையாளர் வந்து எச்சரித்தாராம். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தாராம். அதற்குப் பிறகு பிள்ளை கேள்வியைக் கவனிக்குமா, தன் உதட்டைக் கவனிக்குமா?

“அம்மா, இனி வாய மூடிப் படிச்சுப் பழகணும். நீங்க எதிர்ல ஒக்காந்து என் ஒதட்ட பாருங்க. அசைஞ்சா மேசையில தட்டுங்க.”

எனக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் உண்டா? பதினோராம் வகுப்பில், சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள் நான். பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவர்களிடம் நன்றாகப் பேசுவேன். அவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியாது பாருங்கள்! பெரியவர்கள் நாலு பேர் கூடினால் என் நாக்கு உள்ளே போய்விடும். வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் இவ்வளவு வளவளக்கிற அதே வசந்திதான்.

தட்டித் தட்டி என் விரல்தான் வீங்கியது. பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள் — வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு படிப்பது. முதல் கேள்வியிலேயே விழுங்கிவிட்டாள். மறுநாள் புரையேறிப் புத்தகம் நனைந்தது. அப்புறம் மெல்லப் பழகியது.

அப்படி ஒரு நாள் அவள் கன்னம் உப்பப் படித்துக்கொண்டிருந்தபோது, செல்வமணி அக்கா வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்.

“வசந்தி, பண்டாரவளையில ஒரு மாப்புள இருக்கு. சொந்தக் கடை. நல்ல கொணம். புள்ளதான் படிப்ப விட்டுருச்சே... வரச் சொல்லவா?”

துளசியின் கண் பிதுங்கியது. வாயில் தண்ணீர். கையை ஆட்டுகிறாள், தலையை ஆட்டுகிறாள்.

“பாரு, வெக்கத்துல பேச்சே வரல!” என்றார் அக்கா.

இனி யார் பேசுவது? நான்தான்.

“விடலக்கா. திரும்ப எழுதப் போறா.”

“அப்ப மொத தடவ?”

“பத்தல.”

இத்தனை நாள் மறைத்தது அந்த ஒரு சொல்லில் வெளியே வந்துவிட்டது. அக்கா மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சத்தம் போட்டு படிக்காட்டி எப்புடி பத்தும்? நல்லா தொண்ட தொறந்து படிக்கச் சொல்லு!”

விளக்கம் சொல்ல எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. வாழ்க்கையில் நான் ஒரே மூச்சாகப் பேசியது அன்றைக்குத்தான். அக்கா நம்பவே இல்லை. “வாயத் தொறக்காம என்னாடி பரீட்ச அது?” என்று முனகிக்கொண்டே போனவர், லயம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் மாலை ஒரு வீட்டிலும் டிவி இல்லை. ரேடியோ இல்லை. சண்டைகூட ஜாடையில் நடந்தது. துளசி தண்ணீரைத் துப்பிவிட்டு எழுந்தாள்.

“அம்மா, எழவு வீடு மாதிரி இருக்கு. டிவிய போடச் சொல்லுங்க, புண்ணியமாப் போகும்!”

உதவி செய்வதில்கூட எங்கள் ஆட்களுக்கு அளவு தெரியாது. அப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் இருந்தால் தோற்பதற்கும் கொஞ்சம் தைரியம் வருகிறது, இல்லையா?

போன வாரம் கொழும்பு. நான் வெளியே மர நிழலில் நின்றேன். வெளியே வந்தவள் உதட்டை இறுக்கி மூடியபடியே வந்தாள். பக்கத்தில் வந்து கட்டிக்கொண்டு, காதுக்குள் சொன்னாள் — முடித்ததுமே திரையில் காட்டிவிட்டதாம், கேட்ட ஸ்கோருக்கு மேலேயே வந்திருக்கிறது!

இரவு ரயிலில் பதுளை வந்து, காலையில் பசறை பஸ் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் ஆரம்பித்தாள். மருந்துக்கடைப் பலகை, சலூன் பலகை, பாலத்தின் பெயர், பஸ்ஸுக்குள் ஒட்டியிருந்த ‘புகைபிடிக்க வேண்டாம்’ — ஒன்று விடாமல், பஸ்ஸுக்கே கேட்கும்படி வாய்விட்டு வாசித்துக்கொண்டே வந்தாள்.

முன் சீட்டு அம்மா திரும்பி, பரிவோடு கேட்டார்: “புள்ள இப்பதான் வாசிக்கப் பழகுதா?”

“ஆமாங்க,” என்றேன்.