தங்கைக்கு விட்ட தனி ரூம்

பச்சைமலையில் எங்கள் ஊருக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். மழையில் பாதை சரிந்தால் அதுவும் கிடையாது. அதனால் பிள்ளைத்தாச்சிகளை வலி எடுக்கும்வரை மேலே வைத்திருப்பதில்லை. மாசம் நெருங்கியதும் கீழே சொந்தக்காரர் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். தினை அறுப்பாக இருந்தாலும் சரி, மரவள்ளி பிடுங்குகிற நேரமாக இருந்தாலும் சரி, இந்த விஷயத்தில் மட்டும் யாரும் அசட்டையாக இருக்க மாட்டார்கள். என் தங்கைக்கு அந்த முறை வந்தபோது, கீழே அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் நான்தான்.

வந்தது வினை. கல்யாணமாகி அரியமங்கலம் வந்த நாளிலிருந்து, ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் அளந்துவிட்டது கொஞ்சநஞ்சமல்ல. டைல்ஸ் போட்ட வீடு, வீட்டுக்குள்ளேயே பைப், வருகிறவர்கள் தங்கத் தனி ரூம். யார் கேட்டார்கள்? ஒருத்தரும் கேட்கவில்லை. டவுனில் வாழ்க்கைப்பட்டவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது எல்லோரும் முகத்தையே பார்க்கிறார்களே, அவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. வாய்க்கொழுப்பு, வேறென்ன.

நிஜத்தில் எங்களுடையது லைன் வீடு. ஒரே ரூம், அதன் மூலையில் அடுப்பு. வரிசையிலுள்ள எல்லா வீட்டுக்கும் சேர்த்து வெளியே இரண்டு கக்கூஸ். காற்று திரும்பினால் குப்பைமேட்டு நாற்றம் நேராக வீட்டுக்குள் வரும்.

தங்கை வயிற்றைத் தாங்கியபடி வாசலில் நின்று உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, "குடிக்கத் தண்ணி குடுக்கா" என்றாள். அவ்வளவுதான். "ஏங்க்கா பொய் சொன்ன?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஆற்றிக்கொண்டிருப்பேன். பாவி, கேட்கவே இல்லை.

என் வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் வேலை. அன்றிலிருந்து பட்டறையிலேயே படுத்துக்கொண்டார். "மாமாவுக்கு நைட் டூட்டி" என்றேன். "அப்படியா" என்றாள். காலையில் குளிக்க வந்த மனுஷன் கையெல்லாம் கொசுக்கடியோடு நின்றதைப் பார்த்தவள், தன் போர்வையை மடித்து அவர் பையில் வைத்து அனுப்பினாள்.

என்னைக் கொன்றது கக்கூஸ் வரிசைதான். மலையில் அவள் வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒன்று இருக்கிறது. டவுனுக்கு வந்து வாளியோடு வரிசையில் நின்றாள். பக்கத்து வீட்டு அக்காதான் சத்தம் போட்டாள்: "ஏய், புள்ளத்தாச்சி நிக்கிறா, கண்ணு தெரியலையா? வழி விடுங்க!" எல்லோரும் விலகினார்கள். நான் அடுப்பைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

ஒரு நாள் அவள் அம்மாவோடு போனில் பேசுவது காதில் விழுந்தது. "எல்லா வசதியும் இருக்கும்மா. அக்கா எனக்குன்னு தனி ரூம் விட்டிருக்கு. ஃபேன் போட்டா குளுருதுன்னா பாத்துக்க." அப்போது கரண்ட் இல்லை, முந்தானையால் விசிறிக்கொண்டே சொல்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. நான் விட்ட பொய்யை, அந்த வயிற்றோடு அவள் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் பிரசவம் நல்லபடியாக முடிந்தது. பெண் குழந்தை. உடம்பு தேறியதும் மலைக்குத் திரும்பிப் போனாள். அழுதேன்தான், ஆனாலும் அப்பாடா என்றிருந்தது என்பதை மறைப்பானேன்.

போன வாரம் அத்தை போன் பண்ணினாள். அப்பாவின் தங்கை. தலைப்பிள்ளையை ஜீப்பிலேயே பெற்று, ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்காமலேயே அதைத் தூக்கிக்கொண்டு மலையேறிப் புதைத்தவள். இப்போது அவள் மருமகளுக்கு மாசம் நெருங்குகிறதாம்.

"உன் வீட்டுக்கு அனுப்பட்டுமாம்மா?"

இனியும் அளக்க எனக்குத் தெம்பில்லை. "அத்தே, தனி ரூமெல்லாம் இல்லீங்க. இருக்கிறதே ஒரு ரூம்தான். உங்ககிட்டயெல்லாம் சும்மா சொல்லிட்டேன்" என்றேன். காது வரை எரிந்தது.

"தெரியும்மா. உன் தங்கச்சி எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா. உங்கம்மாவுக்கு மட்டும் சொல்லக் கூடாதுன்னா."

"தெரிஞ்சுமா அத்தே கேக்குறீங்க?"

அத்தையின் குரல் இறங்கியது.

"ரூம் கெடக்கட்டும்மா. உன் வீட்டுலேருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ போகும்ல? ராத்திரி கூப்பிட்டாலும் வரும்ல?"

அத்தை யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். டைல்ஸ் இல்லை, ரூம் இல்லை என்று இத்தனை வருஷம் எதற்கெதற்கோ கூசிக்கொண்டிருந்த எனக்கு, அப்போதுதான் நிஜமாகவே கூசியது.

"வரும் அத்தே" என்றேன். "நாளைக்கே அனுப்பிவைங்க."