கருவாடு காய்ந்த சாலை

சென்னைக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஒரு புறநகரில் வீடு வாங்கிக் குடியேறினேன். சொந்த ஊர் சேந்தமங்கலம். கடலையே காசு கொடுத்து வாங்கிவிட்டவன் போல அப்போது எனக்கு ஒரு மிதப்பு. குடியிருப்போர் சங்கத்தில் செயலாளர் பதவி வேறு. கேட்கவா வேண்டும்!

எங்கள் கட்டடத்துக்கும் மணலுக்கும் நடுவே ஒரு தார்ச்சாலை. பக்கத்துக் குப்பத்துப் பெண்கள் அதன் ஓரத்தில் கருவாடு காயப்போடுவார்கள். வாடை தாங்கவில்லை என்று சங்கத்து வாட்ஸ்ஆப்பில் தினமும் புலம்பல். "நீங்கதான் சார் நல்லா எழுதுவீங்க" என்று ஒருவர் ஏற்றிவிட்டார். போதாதா? 'பொதுச் சாலையை ஆக்கிரமித்து, சுகாதாரக் கேடு விளைவித்து' என்று இரண்டு பக்கம் தீட்டி நகராட்சியில் கொடுத்தேன்.

எழுதியவன் யார்? ஊர்ச் சாலையில் சோளக்கதிரையும் கொள்ளுச்செடியையும் பரப்பி, பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்து உதிர்த்த தானியத்தைத் தின்று வளர்ந்தவன். மழை கறுத்தால் போகிற வண்டிக்காரர்கள்கூட இறங்கி, யார் எவர் என்று பாராமல் தானியத்தை நனையாமல் அள்ளிச் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதெல்லாம் மறந்துபோயிற்று என்று சொன்னால் பொய். நினைவிருந்தது. இருந்தும் எழுதினேன்.

நகராட்சி வண்டி வந்த அன்று அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். இரண்டு பேர் மண்வெட்டியால் கருவாட்டை வாரி வண்டியில் போட, ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். பால்கனியில் நின்ற அம்மா, கொடியில் கிடந்த என் வேட்டியை உருவிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். மீன் வாடையே ஆகாதவள். வேட்டியை விரித்துப் போட்டு இரண்டு கையாலும் அள்ள ஆரம்பித்துவிட்டாள்.

"அங்க நின்னு என்ன வேடிக்க பாக்கற? வா சாமி, வந்து அள்ளு!"

நான் போகவில்லை. கீழே அதிகாரி நின்றிருந்தார். என்னைக் கண்டால் வணக்கம் வைத்துவிடுவாரோ என்று பயம். கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். சீ, என்ன பிழைப்பு!

கொஞ்ச நேரத்தில் அம்மா அந்தப் பெண்ணை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள். பாதிக்கு மேல் வண்டியில் போய்விட்டதாம். தண்ணீரைக் குடித்துவிட்டு அவள் சொன்னாள்: "எவனோ மாடியில இருக்கறவன் பெட்டிஷன் எழுதிக் குடுத்துட்டாம்மா."

அம்மாவுக்குக் கோபம் பொங்கிவிட்டது. "அவன் பாடுபடற ஊட்டுல பொறந்திருக்க மாட்டான், உடு. என்ற பையன் எழுத்து மணி மாதிரி இருக்கும். உனக்கு அவன் எழுதிக் குடுப்பான். அந்த எடத்த விடாத."

பேப்பரும் பேனாவும் என் முன்னால் வந்தன. குனிந்த தலை நிமிராமல் எழுதினேன். முதல் மனுவும் நான் எழுதியதுதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு காகிதத்தை நீட்டினேன்.

காகிதத்தை வாங்கிக்கொண்ட அந்தப் பெண், "நீ நல்லா இருக்கணும் சார்" என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடையும் வாங்கிக்கொண்டேன்.