எண்ணெய் உறையும் மலை

அந்தோணி அண்ணையின் வாகனம் வளைவில் மறையும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மெல்பேர்ண் பக்கம் போனார். நான் எதிர்ப்பக்கம் நடந்தேன். பகல் ஒரு மணி. ஓமியோவுக்கு இன்னும் பதினான்கு கிலோமீற்றர் என்றது வீதியோரப் பலகை. சப்பாத்துக்குள் பனி உருகி விரல்கள் மரத்திருந்தன. சட்டையில் இரத்தம் இருந்ததால் ஜாக்கெட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டேன். இரத்தத்தோடு நிற்பவனை யாரும் ஏற்றமாட்டார்கள்.

முந்தாநாள்தான் இந்த வீதியால் வந்தோம். மெல்பேர்ணின் ஓரத்திலுள்ள கிரெய்கிபர்னிலிருந்து ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். அண்ணை மன்னாரில் வள்ளம் ஓட்டியவர், இப்போது கொங்கிரீட் லொறி ஓட்டுகிறார். சுடும் அனுமதி அவருக்குத்தான் இருக்கிறது. நான் சமைக்கவும் சுமக்கவும் போனேன். வென்ட்வேர்த்வில்லில் கொத்துரொட்டி போட்டும் மில்டுராவில் திராட்சை பறித்தும் திரிந்தவனுக்கு அதுவும் ஒரு வேலை.

இந்த மலைகளில் சுடுவது மரை என்ற பெரிய மானை. முற்காலத்தில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டவை பெருகிக் கிடக்கின்றன.

"அதுவும் எங்களை மாதிரித்தான்ரா, சிலோனில இருந்து கப்பல்ல வந்தது. ஒருத்தரும் விசா கேக்கேல்ல" என்றார் அண்ணை.

"அப்ப சொந்தக்காரரைச் சுடவோ இவ்வளவு தூரம் வாறியள்?"

சிரித்தார். பிறகு வீதியைப் பார்த்தபடி சொன்னார்: "ஆனா ஒண்டு. என்ர வெடியில விழுந்தா உடன போயிடவேணும். மேரி எட்டு மாசம் நோயில இழுபட்டவ. அதைப் பாத்த கண்ணால இன்னொண்டு பாக்கேலாது."

மேரி அவருடைய மனைவி. போய் இரண்டு வருடம்.

நேற்று மாலை வெறுங்கையோடு குடிலுக்குத் திரும்பினோம். பலகைக் குடில், நடுவில் விறகு அடுப்பு. அண்ணை தோட்டாக்களை எடுத்துவிட்டுத் துவக்கை அடுப்புக்குப் பக்கத்தில் சாத்தினார். "நாள் முழுக்கக் குளிருக்க கிடந்தது, பாவம். காயட்டும்." கொஞ்ச நேரத்தில் இரும்பில் வியர்வைபோல நீர் பூத்தது. அதைத் துடைத்து, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்டைக் கழற்றி, எண்ணெய் வழிய வழியப் பூசினார்.

"கடல்காத்தில எண்ணெய் காணாத இரும்பு ஒரு கிழமை தாங்காதடா."

வள்ளத்து எஞ்சினைப் பார்த்த கை அது. பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோலப் பார்த்துப் பார்த்துப் பூசியது.

இன்று விடிய முட்டை பொரிக்கப் போனேன். வாகனத்தில் விட்டிருந்த தேங்காய் எண்ணெய் வெள்ளைக் கல்லாகியிருந்தது. போத்தலைத் தலைகீழாகப் பிடித்தும் ஒரு சொட்டு விழவில்லை.

"டேய், அதைத் துவக்கில போட்டுச் சுடலாம்" என்றார்.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். துவக்குக்குள் இருப்பதும் எண்ணெய்தான் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

குடிலை விட்டு இறங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு பெண் மரை தெரிந்தது. துவக்கில் அடுப்பின் சூடு இன்னும் இருந்திருக்க வேண்டும், வெடித்தது. ஆனால் அந்தக் கணம் அது திரும்பியது. வயிற்றில் பட்டு ஓடியது.

பனியில் சிவப்புத் தடத்தைப் பிடித்துப்போனோம். ஓடைப் பள்ளத்தில் படுத்திருந்தது, தலை நிமிர்ந்தபடி. இருபது அடி இருக்கும். அண்ணை குறிபார்த்து விசையை இழுத்தார். வெடியில்லை, 'டிக்' என்ற சத்தம் மட்டும். தோட்டா பிந்தி வெடிக்கக்கூடும் என்பதால் துவக்கை உடனே திறக்கக்கூடாது, நீட்டியபடியே நிற்கவேண்டும். நின்றார். திறந்து இன்னொன்று போட்டார். திரும்பவும் 'டிக்'. திரும்பவும் நின்றார். அது எங்களைப் பார்த்துக்கொண்டே மூச்சுவிட்டது. மூச்சு வெள்ளையாக வந்து வந்து போனது.

மூன்றாவது தோட்டாவும் வெடிக்காதபோது அண்ணை போல்டைக் கழற்றிச் சட்டைக்குள் விட்டு, வெறும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு பனியில் குந்தினார்.

"கொஞ்சம் பொறம்மா. இந்தா, இந்தா" என்றார். என்னிடம் சொல்லவில்லை.

போல்டுக்குள் தடித்திருந்தது இளகியதும் சட்டை நுனியால் எண்ணெயை வழித்துப் பூட்டினார். நிமிர்ந்தபோது மரையின் தலை சரிந்திருந்தது. மூச்சு தெரியவில்லை. பிறகு நெடுநேரம் அவர் எழும்பவேயில்லை.

"இறைச்சியை விட்டிட்டுப் போனா அது ரெண்டாம் பாவம்" என்று கடைசியில் சொன்னார். வெட்டியெடுத்த இரண்டு தொடைகளை நான் சுமந்து வந்தேன்.

வாகனத்தடியில் கேட்டார்: "நீயும் வாறியோ?"

"இல்லை அண்ணை. அங்க எனக்கு என்ன கிடக்கு?"

"ஓமடா. எனக்கும் இப்ப ஒருத்தரோடயும் கதைக்கேலாது."

நான்கு கிலோமீற்றர் நடந்திருப்பேன், ஒரு பழைய வாகனம் நின்றது. வைக்கோல் ஏற்றி வந்த வெள்ளைக்காரப் பெண்மணி, பெயர் பெர்ல், எழுபது வயதிருக்கும். மாடு வளர்ப்பவர். போகிற வழியில், விடிய மலையில் நடந்ததைச் சொன்னேன்.

"துவக்கை அடுப்பங்கரையில் வைத்தாரா?"

"ஓம்."

"எண்ணெய்?"

"நிறைய."

வாகனத்தின் வேகத்தைக் குறைத்தார். பிறகு சொன்னார்: குளிர்காலத்தில் எண்ணெயை முழுக்கக் கழுவி எடுத்துவிட வேண்டும். வேண்டுமானால் பென்சில் கரித்தூள் மாதிரி ஒரு தூள், அதுவும் துளி. குளிரில் திரிந்த துவக்கைச் சூட்டுக்குள் கொண்டுவந்தால் உள்ளே நீர் கோக்கும், காலையில் வெளியே எடுத்தால் அது ஐஸாகும். அதனால் இரவில் வாகனத்திலேயே பெட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். குழல் வாயில் பனி போகாமல் ஒரு துண்டு ஒட்டும் ரேப். எண்ணெய் தடித்தால், போல்டுக்குள் இருந்து தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி மெதுவாகப் போகும். மெதுவாகக் குத்தினால் வெடிக்காது.

"கவனமில்லாத ஆள் அதை வாகனத்தில் எறிந்துவிட்டுத் தூங்கியிருப்பான், அவனுக்கு வெடித்திருக்கும்" என்றார்.

ஓமியோவில் போனுக்கு சிக்னல் வந்தது. அண்ணைக்கு எடுத்து, பெர்ல் சொன்னதைச் சொன்னேன்.

"அப்ப நான் நல்லாப் பாத்ததுதான் பிழை" என்றார். பிறகு: "சரியடா. நாளைக்குத் துவக்கைப் பொலிஸில குடுக்கப்போறன். நீ சாப்பிட்டனியே?"

"ஓம்" என்றேன். சாப்பிடவில்லை.

மன்னாரில் தண்ணீர் உறைந்து யாரும் பார்த்ததில்லை. இங்கே மாடு குடிக்கும் தொட்டியும் விடியும்போது கல்லாகிவிடுகிறது. பெர்ல் என்னைத் தன் பண்ணைக்கே கூட்டிப்போனார்; மறுநாள் காலை அங்கே எனக்குக் கிடைத்த வேலை அதை உடைப்பது. கையில் ஒரு இரும்புக் கம்பி தந்தார், துருப்பிடித்தது. முதல் தொட்டியை உடைத்துத் துண்டுகளை அள்ளி எறிந்தேன். ஒரு பசு வந்து நின்று என்னைப் பார்த்தது. மூச்சு வெள்ளையாக வந்தது. அடுத்த தொட்டிக்குப் போகாமல், அது குடித்து முடிக்கும்வரை நின்றேன்.