சந்தனம் பூசிய பூம் வண்டி

ஏமாற்றப்பட்டவர் என் அத்தை மல்லிகா. ஏமாற்றப் பயன்பட்ட பொருள் சந்தனம். பழைய வண்டி பார்த்து வாங்குகிற வேலைக்குக் கண், காது, மூக்கு எல்லாம் வேண்டும். பக்தி மட்டும் கொஞ்ச நேரம் வெளியே நிற்க வேண்டும். இது எங்கள் குடும்பத்துக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பழைய வண்டி வாங்கிச் சூடுபட்ட சக பாவிகளே, நீங்களாவது சிரிக்காமல் படியுங்கள்.

அத்தைக்கு அவிநாசி பக்கம் மாட்டுப் பண்ணை. வைக்கோல் கட்டுகளைக் கொட்டகையின் உச்சிவரை அடுக்க ஆள் கிடைப்பதில்லை என்று டெலி ஹேண்ட்லர் வாங்க முடிவு செய்தார். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: டிராக்டர் போல நாலு சக்கரம், பழைய ரேடியோ ஏரியல் போல ஒன்றுக்குள் ஒன்றாக நீண்டு சுருங்கும் இரும்புக் கை, நுனியில் கட்டைக் குத்தித் தூக்கும் முள். அந்தக் கைதான் பூம். எங்கள் பக்கம் மொத்த வண்டிக்கும் பூம் வண்டி என்றே பெயர். புதிது கட்டுப்படியாகாது, ஆகவே பழையது.

நான் கோயம்புத்தூரில் வேளாண் பொறியியல் மேற்படிப்பு படிக்கிறேன். முதல் வண்டி வாங்கியபோது எனக்குப் பரீட்சை. அதற்குப் பிறகு சனி, ஞாயிறு முழுக்க இந்த உத்தியோகம்தான்.

பூஜை போட்ட வண்டி

சிங்காநல்லூர் பக்கம் பழைய வண்டி விற்கும் ஒரு யார்டில் அந்த வண்டி மாலை, எலுமிச்சம்பழத்தோடு கல்யாண மாப்பிள்ளை போல நின்றிருக்கிறது. பூமின் மேல் தடிமனாகச் சந்தனம், நடுவில் குங்குமம். வண்டிக்கு வைத்த பொட்டை எங்கள் ஊரில் யாரும் துடைக்க மாட்டார்கள். அது தானாக உதிர வேண்டும். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்து வந்துவிட்டார்.

முதல் வாரமே, கட்டு உச்சிக்குப் போகும்போது படாரென்று சத்தம். பூம் ஒரு குலுங்கு குலுங்கியது, கட்டு சரிந்து விழுந்தது. கீழே நின்ற பால்காரர் பீடி பற்றவைக்க ஒதுங்கியதால் பிழைத்தார். நான் போய்ச் சந்தனத்தைச் சுரண்டினேன். அடியில் விரிசல், அதன்மேல் அவசர வெல்டிங், அதன்மேல் பெயிண்ட், எல்லாவற்றுக்கும் மேலே தெய்வம். யார்டுக்காரர் வண்டியைத் திருப்பி எடுத்துப் பணத்தைக் கொடுத்தால்தான் வேறு வண்டி வாங்க முடியும். வைக்கோலோ தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறது. ஐப்பசி மழை இறங்கினால் பூஞ்சை பிடித்துவிடும், மாடு மோந்துகூடப் பார்க்காது. அத்தை போன் செய்து கேட்டதற்கு அவர் சொன்னார்: “வண்டி எடுக்கறப்ப நீங்க கும்பிட்டீங்க அம்மணி, பாக்கலீங்களே.”

சூடான வரவேற்பு

எப்படியும் திருப்பி எடுத்துத்தானே ஆக வேண்டும் என்ற நம்பிக்கையில் அடுத்த வண்டி தேடக் கிளம்பினோம். நான், அத்தை, வண்டி ஓட்டும் பழனிச்சாமி அண்ணன். முதலில் போன யார்டில் நாங்கள் நுழையும்போதே வண்டி உறுமிக்கொண்டிருந்தது. ஆறிக் கிடக்கிற எஞ்சினை நம் கண்ணெதிரே முதல் சாவிக்குக் கிளப்பிப் பார்த்தால்தான் அதன் யோக்கியதை தெரியும். முன்னாலேயே சூடேற்றி வைப்பது எந்த ஊர் நியாயம்?

“அணைச்சுப் போடுங்க, நாங்க ஆறுற வரைக்கும் உக்காந்திருக்கறோம்” என்றேன். அந்த யார்டுக்காரர் பதறிப்போய்க் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சந்திரன், சூரியன், ராகு எல்லாரும் அந்த எஞ்சினுக்குப் பங்காளிகள் போலிருக்கிறது. “நல்ல நேரத்துல கெளப்பி வெச்சது கண்ணு. இப்ப அணைச்சா, மறுக்கா கெளப்பறதுக்குள்ள ராகு காலம் வந்துருமுங்க.”

கை வலி

அடுத்த யார்டில் எஞ்சின் ஆறியிருந்தது, பொட்டும் இல்லை. வெறும் முள்ளை மேலே தூக்கிக் காட்டினார்கள். வெறும் முள்ளை யார்தான் தூக்க மாட்டார்கள்? தண்ணீர் நிரம்பிய தொட்டி ஒன்றைத் தூக்கி அப்படியே நிறுத்தச் சொன்னேன். டீ வந்தது. நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள், யாரும் லீவரைத் தொடாமலே, தொட்டி மெல்ல மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டது. சிலிண்டரில் எண்ணெய் நழுவுகிறது, கொட்டகை உச்சியில் இப்படி இறங்கினால் உயிர் போகும் என்று நான் ஆரம்பித்தேன். அந்த யார்டுக்காரர் என்னைக் கொடுமைக்காரியைப் போலப் பார்த்தார்: “வயசான வண்டிங்க. அத்தன நேரம் கைய நீட்டிட்டே நில்லுன்னா அதுக்கும் வலிக்குமில்லீங்களா?”

வாங்குவது யார்

பவானி யார்டுக்காரர் வேறு ரகம். நான் கேட்பேன், பதில் பழனிச்சாமி அண்ணனுக்குப் போகும். பூமை முழுக்க நீட்டினால் எவ்வளவு பாரம் தாங்கும் என்றேன். “அண்ணா, நீங்க பயப்படாதீங்க” என்று அண்ணனைத் தட்டிக்கொடுத்தார். அத்தை டயரைக் குனிந்து பார்த்தார்; அதன் விளக்கமும் அண்ணனுக்கே. கடைசியில் அண்ணனே கூசிப்போய், “ஏனுங்க, நானு சம்பளத்துக்கு ஓட்டறவன். வாங்கறவங்க அவங்கதானுங்க” என்றார்.

எரிச்சலான விஷயம், வண்டி நன்றாக இருந்தது. முதல் சாவிக்குக் கிளம்பியது, தூக்கியதைத் தூக்கிய இடத்திலேயே வைத்திருந்தது, பூமைத் துணியால் துடைத்துப் பார்த்தபோதும் ஒரு கீறல் இல்லை. நான்கு பெண்ணுரிமைக் கருத்துகளை நெஞ்சோடு விழுங்கினேன். ஆனாலும் அவர் விடவில்லை, “ஊட்டுல ஆம்பளைங்க யாரும் வரலீங்களா?” என்று மறுபடி அண்ணனிடமே கேட்டார். அத்தை டயரிலிருந்து நிமிராமல் சொன்னார்: “இருக்கறாருங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருக்கறாரு.”

பதில்

பவானிக்காரர் அடுத்த வாரம்வரை வண்டியை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஒத்துக்கொண்டார், அண்ணனிடம். மேகம் கட்டிக்கொண்டு வந்தது. சிங்காநல்லூர்க்காரரிடம் நான் நுகர்வோர் சட்டம் பேசினேன், உலோகச் சோர்வு பேசினேன், மனசாட்சி பேசினேன். கல்லூரிப் பட்டிமன்றத்தில் எனக்குக் கோப்பையே கொடுத்திருப்பார்கள். அவர் ஒவ்வொரு முறையும் ஒரே பாட்டு: “வெல்டிங் அடிச்ச எடந்தாங்க வண்டியிலயே கெட்டியான எடம்.”

வெள்ளிக்கிழமை காலை வண்டியை டிரைலரில் ஏற்றி, ஒரு வைக்கோல் கட்டையும் போட்டுக்கொண்டு அவர் யார்டுக்கே போனோம். கேரளாவிலிருந்தும் கரூரிலிருந்தும் ஆட்கள் வண்டி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அன்றைக்குச் சண்டை போடவில்லை. ‘ங்க’ ஒன்றைக்கூடக் குறைக்காமல் கேட்டேன்: “ஏனுங்க, கெட்டின்னு நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும். பழனிச்சாமி அண்ணன் இந்தக் கட்ட உச்சிக்குத் தூக்கட்டுங்க. நீங்க சித்த நேரம் கீழ வந்து நில்லுங்க.”

அவர் பூமைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், கரூர்க்காரர்கள் தன்னைப் பார்ப்பதையும் பார்த்தார். நான் வாரக்கணக்கில் கத்தியும் வராத பதில், நிற்கச் சொன்னதும் ஒரு அடி பின்வாங்கிக்கொண்டே வந்தது: “இந்த வெய்யல்ல எதுக்குங்க நிக்கோணும்? வண்டிய உள்ற உடச் சொல்லுங்க கண்ணு, பணத்தக் குடுத்தர்றேன்.”