எட்டாவது நெல்லிக் கிரஷ் போத்தல்

ஊரில் யாருக்காவது சுகமில்லை என்றால் எங்கள் சனம் வெறுங்கையோடு வராது. சீனி வருத்தத்தால் என் கணவருடைய கால் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியால் புங்குடுதீவு வீட்டுக்கு வந்து இரண்டு கிழமைக்குள் அலுமாரியில் ஏழு போத்தல் சேர்ந்துவிட்டது. ஏழும் நெல்லிக் கிரஷ். கோதாரி! சீனி வருத்தக்காரனுக்குச் சீனிப்பாணி! கேட்டால், "நெல்லி சீனிக்கு நல்லதெல்லே?" என்கிறார்கள்.

நெல்லி நல்லதுதான், யார் இல்லையென்றது? ஆனால் கிரஷ் காய்ச்சுகிற விதம் எனக்குத் தெரியும். நெல்லிக்காயை அவித்து, கொட்டை நீக்கி, அரைத்துத் துணியில் பிழிய வேண்டும். அந்தச் சாற்றின் அளவுக்குச் சீனியைக் கொட்டிக் காய்ச்ச வேண்டும்.

இவரும் இலேசுப்பட்ட ஆளில்லை. வந்தவர்களின் மனம் நோகக்கூடாதாம். ஒரு கிளாசில் மூன்று விரல் உயரத்துக்கு ஊற்றி, தண்ணீர் கலந்து, அவர்களுக்கு முன்னாலேயே மடமடவென்று குடிப்பார். புண் ஆறவில்லை. அடுத்த விரலையும் எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொன்ன அன்று, மிச்சமிருந்த எல்லாவற்றையும் கிணற்றடி வாழைக்கு ஊற்றினேன்.

நயினாதீவில் கல்யாணம் செய்திருக்கிற இவருடைய தங்கை மறுநாள் படகேறி வந்தாள். கையில் எட்டாவது போத்தல்.

"உம்மடை அண்ணற்றை காலை முழுசா எடுப்பிக்கவோ இதைக் கொண்டு வந்தனீர்?" என்று கத்தினேன். மூளையில்லாத சனம், விசர்ச் சனம் என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன்.

"அவளை ஏசாதையும்," என்றார் இவர் கட்டிலில் இருந்து.

"நீங்கள் வாயை மூடுங்கோ!"

அவள் போத்தலை மேசையில் வைத்தாள்.

"ஏன் மச்சாள் ஏசுறியள்? சீனி வருத்தத்துக்கு நெல்லியைப்போல மருந்தில்லை எண்டு சொல்லி, போன வருசம் நீங்கள்தானே காய்ச்சித் தந்தனீங்கள்?"

தந்தேன். இவருக்கும் நான்தான் காலையும் மாலையும் கலக்கிக் கொடுத்தேன், மருந்து என்று நம்பி, விரல் கறுக்கும் வரைக்கும். அதைச் சொல்ல வாய் வராமல்தான் ஊரையெல்லாம் ஏசிக்கொண்டிருந்தேன்.

"நீங்கள் சொல்லித் தந்த மாதிரித்தான் இதையும் காய்ச்சினனான்," என்றாள் அவள். "எங்கடை அவருக்கும் சீனிதானே. ஒருநாளும் விடாமல் குடிக்கிறார்."

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளுடைய கையைப் பிடித்தேன்.

"உம்மடை அவரின்ரை காலைப் பாத்தனீரே?" என்று கேட்டேன்.