வெளியே விடாத குரல்கள்

ஒலிப்பதிவுக்காரனுக்கு வேலை இரண்டு: பாடுகிறவரின் மூச்சைப் பிடிப்பது, தன் வாயைப் பிடிப்பது.

முதலாவது எனக்கு நன்றாக வரும். இரண்டாவதிலும் நான் கெட்டிக்காரன் என்பது பிறகுதான் தெரிந்தது. கனடாவின் மொன்றியல் நகரில் ஒரு இசைத்தட்டுக் கம்பனியின் சொந்த ஸ்டூடியோவில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். பெயர் வேண்டாம், இப்போது அந்தப் பெயரில் கம்பனியும் இல்லை. நீங்களும் எங்கேயாவது வேலை பார்த்திருப்பீர்கள். இருப்பதில் திறமான ஆளை ஒரு மூலையில் இருத்தி வைத்துவிட்டு, மற்றவர்களை முன்னுக்கு அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தும் பேசாமல் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்திருப்பீர்கள். அப்படியென்றால் நாங்கள் சொந்தக்காரர்.

அழுத முதலாளி

நிரோஷா முதன்முதல் வந்தபோது அவளுக்கு இருபத்துநாலு வயது. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொண்டுவருகிற வேலை. வேலை முடிந்து நேரே வந்தபடியால் ஆஸ்பத்திரிச் சப்பாத்தோடு மைக்குக்கு முன்னால் நின்றாள். அப்பா செல்வராசா யாழ்ப்பாணத்தவர். துறைமுகத்தில் கொன்டெய்னர் லொறி ஓட்டுகிறவர். பிள்ளை பிறந்தது இங்கே. பள்ளிக்கூடத்தில் ஹெயிட்டி நாட்டு மிஸ் ஒருவர் பாட்டுக் குழுவில் சேர்க்க, சோல் பாட்டு அவளைப் பிடித்துக்கொண்டது. சோல் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் தேவாலயத்தில் இருந்து தெருவுக்குக் கொண்டுவந்த பாட்டு. அதைப் பொய்யாகப் பாட முடியாது. பாடினால் முதல் வரியிலேயே பிடிபட்டுப் போவீர்கள்.

மைக்கின் அளவைச் சரிபார்க்க நாலு வரி பாடச் சொன்னேன். அவள் முழுவதையும் பாடினாள். நான் அளவைப் பார்க்க மறந்துபோனேன். பக்கத்தில் நின்ற எங்கள் முதலாளி டெனி, அறுபது வயதுக் கியூபெக்காரர், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அந்தக் கிழமையே மூன்று இசைத்தட்டுக்கு ஒப்பந்தம் எழுதினார்கள். மூன்றும் வெளிவரும்வரை அவள் வேறு எந்தக் கம்பனிக்கும் பாடக் கூடாது. அவள் கையெழுத்து வைத்து முடிந்ததும் டெனி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “இந்தக் குரலை நாங்கள் அவசரப்படுத்தக் கூடாது.”

பனி டயர்

அடுத்த வருடம் பதினொரு பாட்டுப் பதிவு செய்தோம். எல்லாம் அவளே எழுதியவை. ஆஸ்பத்திரியில் நாலாம் மாடியில் இருந்து கீழே வருகிற லிஃப்டைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது. அதைக் கேட்ட நாளில் நான் மெற்றோவில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனேன். டெனி முழுவதையும் கேட்டுவிட்டு “செப்ரெம்பர்” என்றார். செப்ரெம்பர் வந்ததும் “நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு” என்றார். நத்தாருக்குப் பிறகு அவரே விடுமுறையில் போய்விட்டார்.

அவளிடமிருந்து முதலில் வெளியே வந்தது ஒரு விளம்பரம். எங்கள் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் வந்தால் எல்லாக் காருக்கும் பனி டயர் போட்டே ஆகவேண்டும். அந்த டயருக்கு ஒரு பாட்டு. பத்து நிமிடத்தில் பாடி முடித்தாள். முதல் பனி விழுந்த அன்றிலிருந்து வானொலியில் மணிக்கு இரண்டு தரம் போனது. ஆஸ்பத்திரியில் அவள் தள்ளுவண்டியோடு வரும்போது நேர்ஸ்மார் அதைப் பாடிக் காட்டுவார்களாம். “சந்தோசம்தானே?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. “மூண்டு வசனம், அண்ணை,” என்றாள். “அதிலை ரெண்டு டயரின்ரை பேர்.”

எந்த நாட்டுப் பாட்டு

பிறகு கம்பனிக்கு ஞானம் பிறந்தது. பாட்டு ஆங்கிலத்தில் இருக்கிறதே, இங்கே வானொலியில் பிரெஞ்சுப் பாட்டுக்குத்தானே இடம் என்றார்கள். நிரோஷா பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை. பதினொன்றையும் பிரெஞ்சில் திரும்ப எழுதிக்கொண்டு வந்தாள். வேலை நாள்களில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எழுதியதாம். தாளில் சூப் சிந்தியிருந்தது. திரும்பவும் எல்லாவற்றையும் பதிவு செய்தோம். எனக்கு இரண்டாவதுதான் கூடுதலாகப் பிடித்தது.

அதைக் கேட்க ஒரு கூட்டம் வைத்தார்கள். விற்பனைப் பகுதிக்குப் புதிதாக வந்த பெண் இசைத்தட்டு அட்டைக்கு என்று ஒரு சிவப்புச் சேலையைப் பையில் கொண்டு வந்திருந்தாள். நல்ல பிள்ளை, மனத்தில் வஞ்சகம் இல்லை. இந்த முகத்தையும் இந்தப் பாட்டையும் சேர்த்துப் பார்த்தால் சனங்கள் குழம்பிப் போவார்கள், உங்கள் நாட்டுப் பாட்டு மாதிரி ஏதாவது கலந்து பாட முடியாதா என்று கேட்டாள். நிரோஷா சேலையை வாங்கி மடிப்புக் கலையாமல் மேசையில் வைத்தாள். பிறகு பிரெஞ்சில், ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு பேசுகிற அதே தணிந்த குரலில் சொன்னாள்: “நான் பிறந்தது இந்த ஊர் ஆஸ்பத்திரியில். என் நாட்டைப் பற்றித்தான் பதினொரு பாட்டும்.”

சுவரில் இருந்த படம்

இது அவளுக்கு மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். ரோஸ்லின் என்றொரு ஹெயிட்டிக்காரி இருந்தார். நான் சேருவதற்கு வெகுகாலம் முன்பே ஒப்பந்தமாகி, ஒரே ஒரு தட்டு வெளிவந்து, அதோடு நின்றுபோனவர். கனமான, கொஞ்சம் கரகரத்த குரல். அவர் தொண்டையைச் செருமினாலே ஸ்டூடியோவில் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். கம்பனி அவரை மற்றவர்களுக்குப் பின்னணி பாடத்தான் கூப்பிடும். மாதம் ஒருமுறை, கூப்பிடாவிட்டாலும் தானாகவே வந்து, தன் இரண்டாவது தட்டு என்ன ஆயிற்று என்று டெனியைக் கேட்டுவிட்டுப் போவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை வரவேற்பில் புதிய பெண் இருந்தாள். “யாரைப் பார்க்க வேண்டும்?” என்று ரோஸ்லினைக் கேட்டாள். அவளுடைய தலைக்கு மேலே, சுவரில், கம்பனியின் பெருமைகளை வரிசையாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். மூன்றாவது படம் ரோஸ்லின், இளமையில், வாயைத் திறந்து பாடுகிற படம். ரோஸ்லின் கோட்டைக் கழற்றாமலே அந்தப் படத்தைக் காட்டினார். “அவவைத்தான். பல வருஷமாக உள்ளேதான் இருக்கிறா, இன்னும் வெளியே வரவில்லை.”

லொறிக்குள் கேட்டது

இந்தத் துணுக்கில் குற்றவாளி நான். ஒரு நட்சத்திரப் பாடகி இருந்தாள். நல்ல முகம், சுமாரான தொண்டை. அவளுக்கு ஒரு பாட்டை முதலில் யாராவது பாடிக் காட்ட வேண்டும். அவள் அதைக் கேட்டுப் படித்துக்கொண்டு பாடியதும், காட்டிய குரலை அழித்துவிடுவோம். அப்படிப் பாடிக் காட்டியவள் நிரோஷா. கடைசியில் ஓர் உச்ச இடம். நட்சத்திரத்துக்கு எட்டவேயில்லை. டெனி என் தோளில் கைவைத்து, “மற்றப் பிள்ளையை அதற்கு அடியில் கொஞ்சம் விடு,” என்றார். விட்டேன். கொஞ்சம் அல்ல. அந்த எட்டு விநாடியும் முழுக்க நிரோஷாதான். அட்டையில் அவள் பெயர் இல்லை. கேட்டால் அப்படி யாரும் இல்லை என்று சொல்ல வேண்டும் என்று எனக்குக் கட்டளை.

அந்தக் கோடையில் எங்கு திரும்பினாலும் அந்தப் பாட்டு. ஒரு நாள் காலை செல்வராசா அண்ணை எனக்குத் தொலைபேசி எடுத்தார். துறைமுக வாசலில் லொறி வரிசையில் நிற்கிறாராம். பின்னால் ஹோர்ன் சத்தம். “தம்பி, றேடியோவிலை பிள்ளை பாடுறாள்,” என்றார். அது வேறு ஆள், அண்ணை என்றேன். “முழுக்க இல்லை. கடைசியிலை.” இல்லை அண்ணை, அது அந்தப் பாட்டுக்காரிதான் என்று நான் இரண்டாம் தரமும் சொன்னேன். பிறகு அவர் கோபமில்லாமல் சொன்னார்: “தம்பி, தொட்டிலிலை கிடந்து அழுத நாள் தொடக்கம் நான் கேக்கிற குரல். நீர் எனக்குச் சொல்லித் தரவேண்டாம்.”

வெங்கட் சொன்ன நியாயம்

அதற்குப் பிறகுதான் டொரொன்டோவில் இருந்து வேறொரு கம்பனி நிரோஷாவைக் கேட்டு வந்தது. அவர்கள் அவளை ஒரு சின்ன மண்டபத்தில், யாரோ சிநேகிதியின் கல்யாணத்தில் பாடும்போது கேட்டிருந்தார்கள். பதினொரு பாட்டையும் அப்படியே வெளியிடத் தயார் என்றார்கள். அவளை விட்டுவிட்டால் போதும். அவள் ஒரு கடிதம் எழுதினாள். மிக மரியாதையான கடிதம். டெனி மறுத்துவிட்டார்.

எங்கள் ஒப்பந்தங்களைப் பார்ப்பவர் வெங்கட். சென்னைக்காரர், படித்த மனிதர், மத்தியானத்தில் என்னோடு இருந்து தயிர்சாதம் சாப்பிடுவார். நான் ஆத்திரத்தோடு அவரிடம் போனேன். “நீங்களும் வெளியிடப் போறதில்லை, மற்றவையையும் விடுறீங்களில்லை, இது என்ன நியாயம்?” என்று கேட்டேன். அவர் ஊறுகாயை ஓரமாக ஒதுக்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்: “சிவா, அந்தப் பொண்ணை விட்டு, அவ அங்க போய்ப் பெரிய ஆளாயிட்டா, இவ்ளோ நாளா கையில வச்சுக்கிட்டு என்னய்யா பண்ணினேன்னு டெனியைக் கேப்பாங்க. விடலேன்னா கேக்கறதுக்கு ஆளே கிடையாது.”

பேந்து பாப்பம்

மறுநாள் நிரோஷா என்னிடம் வந்தாள். சண்டை பிடிக்க வரவில்லை. பதினொரு பாட்டிலும் ஒரு பிரதி கேட்டாள். விற்க இல்லை, வெளியிட இல்லை. அப்பா ஒரு தரமாவது முழுதாகக் கேட்க வேண்டும் என்றாள். ஸ்டூடியோவில் அப்போது வேறு யாரும் இல்லை. அந்தப் பதிவுகள் இருந்த கம்பியூட்டர் வன்தட்டு என் தலைக்கு மேலே இருந்த அலுமாரித் தட்டில்தான் கிடந்தது. பிரதி எடுக்க இருபது நிமிடம் போதும்.

எனக்கு வீட்டுக் கடன் இருந்தது, பல்கலைக்கழகத்தில் ஒரு மகள் இருந்தாள், ஒப்பந்தத்தில் பிரதி எடுக்கக் கூடாது என்று ஒரு பந்தி இருந்தது. இவ்வளவும் இருந்ததைச் சொல்லலாம். ஆனால் உண்மையான காரணம், நான் பயந்தவன். “இப்ப ஏலாது, பேந்து பாப்பம்,” என்றேன். அவள் சிரித்தாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடியாதது. “நீங்களும் கம்பனிக் கதை கதைக்கப் பழகிட்டீங்கள், அண்ணை.”

தள்ளுவண்டி

அந்தப் பேந்து, அந்தப் பிறகு, வரவேயில்லை. டெனி கம்பனியைப் பெரிய கம்பனி ஒன்றுக்கு விற்றார். ஸ்டூடியோவை மூடினார்கள். அந்த அலுமாரித் தட்டில் கிடந்தவற்றைப் பெட்டியில் போட்டு எங்கேயோ ஒரு களஞ்சியத்துக்குக் கொண்டுபோனார்கள். விற்பனையே இல்லாத பாடகர்களை வைத்திருக்கப் புதியவர்களுக்கு விருப்பமில்லை. நிரோஷாவுக்கும் ரோஸ்லினுக்கும் ஒரே நாளில், ஒரே மாதிரி, இரண்டு வரிக் கடிதம் போனது: நீங்கள் இனி எங்கும் பாடலாம்; முன்பு பதிவு செய்தவை எங்களுடையவை. நான் அந்தப் பதினொரு பாட்டையும் தரும்படி புதிய கம்பனிக்கு மூன்று தரம் எழுதினேன். பட்டியலில் தலைப்பு இருக்கிறது, பெட்டி எங்கே என்று தெரியவில்லை என்று பதில் வந்தது.

போன மாரியில் பித்தப்பையில் கல் என்று என்னை ஆஸ்பத்திரியில் போட்டார்கள். சத்திரசிகிச்சை அறைக்குக் கொண்டுபோக வந்த தள்ளுவண்டிக்குப் பின்னால் நிரோஷா. முப்பத்தாறு வயது, காதோரம் இரண்டு நரை. என் கையில் கட்டியிருந்த பெயரை வாசித்துவிட்டு, “அண்ணையே!” என்று போர்வையை இழுத்து விட்டாள். லிஃப்டுக்காக நின்றபோது, படுத்தபடியே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். இப்போது உன்னைத் தடுக்க ஆளில்லை, என் வீட்டு நிலவறையில் எல்லாக் கருவியும் இருக்கிறது, வா, ஒரு சதமும் வேண்டாம், அந்தப் பதினொன்றையும் முதலில் இருந்து பதிவு செய்வோம் என்றேன். மருந்து ஏற்றியிருந்ததால் அழுதிருக்கவும் கூடும்.

லிஃப்ட் வந்தது. அவள் வண்டியை உள்ளே தள்ளி, சில்லுக்குப் பூட்டுப் போட்டு, பொத்தானை அழுத்தினாள். கோபம் இல்லை, கவலை மாதிரியும் தெரியவில்லை. நேரம் கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். “அண்ணை, அது இருவத்தஞ்சு வயசுப் பிள்ளை ஒண்டு பாடின பாட்டு. அந்தப் பிள்ளையை நான் இப்ப எங்கை போய்க் கூட்டிக்கொண்டு வாறது?”

எங்கள் தொழிலில் சுமாரான பாட்டு எப்படியும் தப்பி வெளியே வந்துவிடும். நல்ல பாட்டுக்குத்தான் காவல் அதிகம், அந்தக் காவல்காரரில் ஒருவனுக்கு மாதச் சம்பளம் ஒழுங்காக வந்தது.